டிரினிடாட் தீவுக்கு முதன்முறை செல்லும் வியாபார அன்பர்களுக்கு



தென் அமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டுக் கரையிலிருந்து கடல்வழியே 11 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பது டிரினிடாட் தீவு. பெட்ரோலும் எரிவாயுவும் கிடைப்பதால் கரிபியன் தீவுகளுள் செல்வம் மிகுந்தது. மசாலா, அரிசி, துணிமணி, அத்தர், தொழுகை விரிப்பு ஆகிய நம் சரக்குகளை வாங்கக்கூடிய ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள். வியாபார நிமித்தம் அத்தீவுக்கு முதன்முறையாகச் செல்ல உத்தேசித்திருக்கும் அன்பர்கள் அறிந்துகொள்ள வேண்டிய விஷயங்களை இக்கட்டுரையில் கூறுகிறோம். உல்லாசப் பிரயாணிகளுக்கான புத்தகங்கள் கடற்கரையையும் நடனத்தையும் பற்றி நிறையச் சொல்லும். அவை நமக்கு வேண்டாம்.

முதலில் ஊசி. டிரினிடாட், மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள இடங்களின் பட்டியலில் இருக்கிறது. அங்கே போய்விட்டுத் திரும்புகிறவர்களிடம் சிங்கப்பூரும் மலேசியாவும் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே அச்சான்றிதழ் செல்லும். 2016 முதல் ஒரு முறை போட்ட ஊசி ஆயுள் முழுவதற்கும் போதும் என்று விதி வந்துவிட்டது. போகும்போது யாரும் கேட்கவில்லை என்று அலட்சியமாக இருந்துவிட்டு, திரும்பி வரும்போது சொந்த ஊர் விமான நிலையத்தில் தடுத்து வைக்கப்படுவதைப் போன்ற சங்கடம் வேறில்லை. ஆகையால் டிக்கெட் வாங்குமுன் ஊசி போட்டுக்கொள்க.

நேர் விமானம் கிடையாது. லண்டன் வழியாகவோ, நியூயார்க், மயாமி, டொராண்டோ ஆகிய நகரங்கள் வழியாகவோ போகலாம். அமெரிக்க வழியைத் தேர்ந்தால், விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்கினாலும் அந்நாட்டின் அனுமதி அவசியம். சிங்கப்பூர் பாஸ்போர்ட் உடையவர்கள் மின் அனுமதி பெற்றால் போதும். மலேசிய பாஸ்போர்ட் உடையவர்கள் விசாவே எடுத்தாக வேண்டும். ஐந்நூறு வெள்ளி மலிவு என்று டிக்கெட்டை வாங்கிவிட்டுப் பிறகு விசாவுக்கு அலைவது வியாபாரிக்கு அழகல்ல. லண்டன் வழி போகிறவர்கள், இறங்கும் நிலையமும் ஏறும் நிலையமும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெவ்வேறானால் ஊருக்குள் நுழைந்து போக வேண்டியிருக்கும். அதற்கும் முன் அனுமதி தேவை.

பெட்டி கட்டும்போது ஒரு சிறு எச்சரிக்கை. இராணுவத்தினர் உடுத்தும் பச்சைப் புள்ளித் துணியில் தைத்த சட்டை, தொப்பி, பை எதுவும் வேண்டாம். அங்கே பொதுமக்கள் அதை உடுத்துவது சட்டப்படி குற்றம். சிறுவர் சட்டைகளில்கூட இந்தத் துணி இப்போது நிறைய வருகிறது. துணி வியாபாரிகள் மாதிரிச் சரக்கிலும் அது கலந்துவிடாமல் பார்க்க வேண்டும். மின்சாரம் 115 வோல்ட். தட்டையான கம்பி கொண்ட அமெரிக்க மாதிரிப் பிளக். நம் ஊர்ப் பிளக் அங்கே நுழையாது.

கடிகாரத்தைத் திருத்த வேண்டியதில்லை! நமக்கும் டிரினிடாடுக்கும் வித்தியாசம் சரியாகப் பன்னிரண்டு மணி. இங்கே இரவு 8 என்றால் அங்கே காலை 8. முள் அதே இடத்தில் நிற்கும். இரவு பகலாகும், அவ்வளவுதான். ஆனால் உடம்பு அதை ஒப்புக்கொள்ள நாலைந்து நாளாகும். வந்திறங்கிய மறுநாளே பேரம் பேச உட்கார வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் ஒப்புக்கொண்ட விலை, தெளிந்த பிறகு கசக்கும்.

கிப்லாவைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் பிறந்தது முதல் மேற்கு நோக்கியே நின்று பழகியவர்கள். ஓட்டல் அறையில் விரிப்பைப் போட்டவுடன் கால் தானாக மேற்கே திரும்பும். டிரினிடாடிலிருந்து கஃபா கிழக்குத் திசையில் இருக்கிறது. கிழக்கிலிருந்து ஏறக்குறைய 23 பாகை வடக்கே சாய வேண்டும். நாம் இங்கே மேற்கிலிருந்து வடக்கே சாய்வதும் ஏறக்குறைய அதே 23 பாகைதான். மக்காவை நடுவில் வைத்து இரண்டு ஊர்களும் ஒன்றையொன்று பார்த்து நிற்பதுபோல் இருக்கிறது, சுப்ஹானல்லாஹ். மஃரிபு நேரமும் நம் ஊரைவிடக் கடிகாரப்படி சுமார் ஒரு மணி முந்தி வரும். ஏழு மணிக்குத்தானே என்று இருந்தால் வக்து தவறிப் போகும்.

அங்குள்ள முஸ்லிம்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பல், 1845 மே 30-ஆம் தேதி கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகள் இருநூறுக்கு மேற்பட்டோரை அங்கே இறக்கியது. அந்தக் கப்பலின் பெயர் ஃபத்தல் ரஸ்ஸாக். அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று அப்பெயரில் இருப்பதைக் கவனிக்க. 1917 வரை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்விதம் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் குறைவு. அவர்களுடைய தமிழும் நிலைக்கவில்லை. இப்போது எல்லாரும் பேசுவது ஆங்கிலம், அதுவும் அவர்களுக்கே உரிய ராகத்தோடு. ஆகவே தமிழ் பேசி உறவு கொண்டாடலாம் என்ற எண்ணத்தோடு போக வேண்டாம்.

2011-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஜனத்தொகையில் நூற்றுக்கு ஐந்து பேர் முஸ்லிம்கள். தொகை சிறிதாயினும் மதிப்பு பெரிது. நோன்புப் பெருநாள் அரசாங்க விடுமுறை. 1987 முதல் 1997 வரை ஜனாதிபதியாக இருந்த நூர் ஹசனலி அவர்கள் ஒரு முஸ்லிம். தம் மாளிகை விருந்துகளில் மது பரிமாறாதவர். இதை ஏன் சொல்கிறோம் என்றால், வியாபாரப் பேச்சின்போது எதிரில் இருப்பவர் ரம் ஊற்றி நீட்டுவார்; மறுத்தால் காரியம் கெடுமோ என்று புதியவர் தயங்குவார். தயங்க வேண்டியதில்லை. முஸ்லிம் குடிக்க மாட்டான் என்பது அத்தீவில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் குவீன் தெருவில் ஜாமிஆ மஸ்ஜித் இருக்கிறது. செயின்ட் ஜோசப் ஊரில் 1954-இல் திறக்கப்பட்ட ஜின்னா நினைவுப் பள்ளிவாசல் பார்க்க அழகானது. பெரும்பாலான இந்திய வம்சத்து முஸ்லிம்கள் ஹனஃபி வழியைப் பின்பற்றுகிறவர்கள். நம்மில் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள், சுபுஹில் இமாம் குனூத் ஓதவில்லை என்று திகைக்க வேண்டாம். அஸரும் சற்றுத் தாமதமாக நடக்கும். முஹர்ரம் மாதத்தில் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் ஹோசே என்ற ஊர்வலம் கொட்டு முழக்கத்தோடு போகும். நம் பக்கத்துப் பழைய பஞ்சாவை நினைவூட்டுவது. 1884-இல் சான் பெர்னாண்டோவில் தடையை மீறிப் போன இந்த ஊர்வலத்தின்மேல் பிரிட்டிஷ் அரசின் போலீசார் சுட்டுப் பலர் மாண்டனர். அது கூடுமா கூடாதா என்று அவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. விருந்தாளியாகப் போன நாம் அதில் தலையிடாதிருப்பதே மரியாதை.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. காலையில் தெருமுனையில் 'டபிள்ஸ்' விற்பார்கள். மிருதுவாகப் பொரித்த இரண்டு சிறு ரொட்டிகளுக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறி. நின்றபடியே தின்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விடலாம். 'ஸ்லைட் பெப்பர்' என்று சொன்னால் கொஞ்சமாகக் காரம் வைப்பார்கள். கொஞ்சமே நமக்குப் போதும். அந்த மிளகாய் நம் மிளகாயைவிடப் பொல்லாதது. பரோட்டாவை அடித்துக் கிழித்து வைத்ததற்குக் கிழிந்த சட்டை என்று பொருள்படும் ஒரு வேடிக்கைப் பெயர் உண்டு. பரோட்டாக் கடை நடத்தும் நம் அன்பர்கள் அதை அவசியம் சுவைத்துப் பார்க்க வேண்டும். ஹலால் கடைகள் பல உள்ளன. அறிவிப்புப் பலகை இல்லாவிட்டால் கூச்சமின்றிக் கேளுங்கள். 'சவுஸ்' என்று விற்பது பெரும்பாலும் பன்றிக்கால். டிசம்பர் மாதத்தில் உபசாரமாகத் தரும் கறுப்புக் கேக்கில் ரம்மில் ஊறிய பழங்கள் இருக்கும். கேக்தானே என்று வாயில் போட்டுவிட வேண்டாம்.

கடைக்குள் நுழையும்போதும் வாடகை வண்டியில் ஏறும்போதும் முதலில் வந்தனம் சொல்ல வேண்டும். நேரே 'என்ன விலை' என்று தொடங்குகிறவனை அவ்வூரார் பண்பற்றவன் என்று எண்ணுவார்கள். இரவில் சந்திக்கும்போதே 'குட் நைட்' என்பார்கள். அது விடைபெறும் சொல் அல்ல, வரவேற்பு. 'ஜஸ்ட் நவ்' என்றால் இப்போதே என்று பொருளல்ல, பிறகு எப்போதாவது என்று பொருள். சரக்குக்குப் பணம் 'ஜஸ்ட் நவ்' வரும் என்று ஒருவர் சொன்னால் அதற்கேற்பக் கணக்குப் போட்டுக்கொள்க.

வண்டிகள் நம்மைப்போல் இடப்புறமே ஓடும். வாடகை வண்டிகளின் எண் பலகை ஆங்கில 'எச்' எழுத்தில் தொடங்கும். 'பி' என்று தொடங்கும் சொந்த வண்டிகளும் ஆள் ஏற்றும். அவற்றில் ஏறக் கூடாது. 'மாக்ஸி' என்னும் சிறு பஸ்கள் வழித்தடத்துக்கு ஒரு நிறப் பட்டை போட்டிருக்கும்: கிழக்கே போவது சிவப்பு, தெற்கே சான் பெர்னாண்டோவுக்குப் போவது பச்சை. கூலி குறைவு. ஆனால் இருட்டிய பிறகு அவை வேண்டாம். ஓட்டல்காரர் மூலம் தெரிந்த வண்டியை வரவழைப்பதே நலம். அத்தீவில் துப்பாக்கிக் குற்றங்கள் அதிகம். 2024 டிசம்பரிலும் 2025 ஜூலையிலும் அரசாங்கம் நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டி வந்தது. தங்கக் கடிகாரம், கனத்த மோதிரம் இவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவும். தலைநகரின் கிழக்குப் பகுதியில் தெரிந்தவர் துணையின்றி நடக்க வேண்டாம். போலீசை அழைக்க எண் 999.

எந்த மாதம் போவது? ஜனவரி முதல் மே வரை மழை குறைவு. ஆனால் கிறிஸ்தவர்களின் நோன்பு தொடங்குமுன் வரும் திங்களும் செவ்வாயும் கார்னிவல் கொண்டாட்டம். அந்த வாரத்தில் ஓட்டல் வாடகை பன்மடங்கு ஏறும், கடைகள் அடைத்திருக்கும், பேச ஒரு முதலாளியும் அகப்படமாட்டார். ஆகஸ்ட் 31-ஆம் தேதியும் விடுமுறை. 1962-இல் அவர்கள் சுதந்திரம் பெற்றது மலாயாவின் மெர்டேக்கா நாளன்றுதான்.

இனி வியாபாரம். தலைநகரின் ஃபிரடெரிக் தெருவிலும், சகுவானஸ் ஊரின் கடைவீதியிலும் நடந்தால் முகம்மது, அலி, ஹுசைன், கான் என்ற பெயர்ப் பலகைகளைக் காணலாம். மனம் குளிரும். அங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். அங்கே இவை குடும்பப் பெயர்கள். தாத்தா முஸ்லிமாக இருந்து பேரன் வேறு மதத்தில் இருக்கலாம். பலகையைப் பார்த்துச் சலாம் சொன்னதோடு, பலகையைப் பார்த்தே கடனும் கொடுத்துவிடக் கூடாது.

அதைவிடப் பெரிய விஷயம் அன்னியச் செலாவணி. வாங்குகிறவர் நாணயமானவராக, கையில் பணமுள்ளவராக இருக்கலாம். ஆனால் அவரிடம் இருப்பது டிரினிடாட் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு அதிகாரபூர்வ விலை ஏழு டிரினிடாட் டாலருக்குச் சற்றுக் குறைவு. அந்த விலைக்கு வேண்டிய அளவு அமெரிக்க டாலர் பல ஆண்டுகளாக அந்நாட்டுப் பாங்குகளில் கிடைப்பதில்லை. வியாபாரிகள் வரிசையில் காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பெறுகிறார்கள். ஒருவர் நாற்பதாயிரம் அமெரிக்க டாலருக்கு மசாலா வேண்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு கப்பலேறிவிட்டது. அவர் பாங்குக்குப் போகிறார். மாதத்துக்கு இரண்டாயிரம்தான் தரமுடியும் என்கிறார்கள். ஏமாற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. ஆனாலும் நம் முதல் இருபது மாதம் கடலுக்கப்பால் முடங்கிக் கிடக்கும். சிறு முதலாளி ஒருவர் கடையை மூட இது போதும்.

ஆகவே ஆர்டரைக் கையில் வாங்கியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அமெரிக்க டாலர் உங்களுக்கு எங்கிருந்து வரும்? ஏற்றுமதியும் செய்கிறவரா, வெளிநாட்டில் கணக்குள்ளவரா, பாங்கில் எத்தனை நாள் காத்திருக்கிறார் என்று விசாரிக்க வேண்டும். இதனால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கே அன்றாடத் தலைவலி அதுதான். பாதிப் பணமாவது முன்னதாக வரவேண்டும். மீதிக்குச் சிங்கப்பூர் அல்லது மலேசியப் பாங்கு ஒன்று உறுதி செய்த கடன் பத்திரம் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மாதிரிச் சரக்கோடு நிறுத்திக்கொள்ளலாம். சகோதர முஸ்லிமிடம் எழுத்து கேட்பதா என்று கூசுகிறவர்கள், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனத்தை எடுத்து ஓதிப் பார்க்கட்டும். திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம் கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியதே.

மசாலா வியாபாரிகளுக்கு ஒரு குறிப்பு. அங்கே 'சாஃப்ரன் பவுடர்' என்று கேட்பது பெரும்பாலும் மஞ்சள் தூள், குங்குமப்பூ அல்ல. விலைப் பட்டியலில் குங்குமப்பூ விலை போட்டு அனுப்பினால் சிரிப்பார்கள். சீரகத்தை 'கீரா' என்பார்கள். இறக்குமதித் தீர்வையோடு 12.5 சதவீத விற்பனை வரியும் சேரும் என்பதை மறந்து விலை சொல்லிவிட வேண்டாம்.

புறப்படும்போது கையில் மீந்த டிரினிடாட் நோட்டுகளை அங்கேயே செலவழித்துவிடுக; இங்கே அதை மாற்றுவார் அரிது. கொக்கோவுக்குப் பெயர்போன மண் அது, குழந்தைகளுக்குச் சாக்லேட் வாங்கலாம். ரம் கலந்ததும் அதே அலமாரியில் இருக்கும், உறையைப் படித்து வாங்குங்கள். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைப் பெட்டியில் வைக்காமல் பாஸ்போர்ட்டோடு சட்டைப் பையில் வைத்துக்கொள்க.