குயிலாப்பாளையத்தில் பட்டறைப் பொறுப்பேற்கும் இளையவருக்கு

சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இடத்திலேயே ஒரு புது யோசனையைச் சொந்தத் தொழில்போல எடுத்து நடத்துவது நிறுவனத்துக்குள் நிகழும் தொழில்முனைவு. ஆரோவில்லில் இதற்கு வேடிக்கையான ஒரு வடிவம் உண்டு. 1968இல் தொடங்கிய அந்நகரின் பத்தி, துணி, தோல் பட்டறைகள் தனிமனிதர் எவருக்கும் சொந்தமல்ல, அறக்கட்டளைகளின்கீழ் இருப்பவை. லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு பொதுநிதிக்குப் போக வேண்டும் என்பது நடைமுறை. ஆக, பட்டறைப் பொறுப்பாளரே உடைமையில்லாத முதலாளிதான். அவருக்குள்ள அந்த உரிமை குயிலாப்பாளையத்திலிருந்தும் ஆலங்குப்பத்திலிருந்தும் வந்து பத்தி உருட்டுகிறவர்வரை தானாக இறங்கிவிடாது.

உருட்டுகிறவருக்குத் தெரிந்த பலவும் பொறுப்பாளருக்குத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உருட்டிய பத்தி காய நாளாகும், பூசணம் பிடிக்கும். கரித்தூளையும் ஜிகட் என்ற ஒட்டுத்தூளையும் பிசையும்போதே தண்ணீரை எங்கே நிறுத்துவது என்பதை விரல்தான் அறியும். ஆனால் எண்ணிக்கைக்குக் கூலி என்றால், இதை நின்று சொல்லும் ஐந்து நிமிடம் அவர் கூலியில் கழியும். மரக்காணம் உப்பளத்துக் கணக்கும் இதற்குப் பக்கத்தில்தான். பாத்தியை மிதித்து இறுக்கி, நீரைப் பார்த்தே வாரும் பருவம் சொல்பவருக்கு நாள்கூலி. விளைச்சல் கூடினால் பலன் குத்தகைதாரருக்கு. பேசாமலிருப்பதே தொழிலாளிக்கு லாபம். அங்கே ஆலோசனைப் பெட்டி மாட்டிவைத்தால் தூசுதான் சேரும்.

எனவே முதலில் மாற வேண்டியது கூலிக் கணக்கு. சோதித்துப் பார்க்கும் நேரத்துக்கும் வழக்கமான கூலி, கெட்டாலும் கேள்வி வராத அளவுக்குக் கொஞ்சம் சரக்கு, யோசனை சொன்னவர் கையிலேயே சோதனை — இவை மூன்றும் வேண்டும். அமெரிக்காவின் 3எம் நிறுவனம் ஊழியர் நேரத்தில் 15 சதவீதத்தை இப்படி விட்டுவைத்தது. அங்கே ஸ்பென்சர் சில்வர் 1968இல் கண்ட, லேசாக மட்டுமே ஒட்டும் பசைக்கு ஆண்டுக்கணக்கில் ஒரு பயனும் தெரியவில்லை. 1974இல் ஆர்ட் ஃபிரை என்ற சக ஊழியர் பாட்டுப்புத்தகத்தில் அடையாளத்தாள் ஒட்ட அதை நினைத்தார். ஒட்டுத்தாள் நாடெங்கும் கடைக்கு வந்தது 1980இல்.

தமிழ்நாட்டில் ஓசூர் டைட்டன் நல்ல சான்று. 2002இல் வந்த ‘எட்ஜ்’ கைக்கடிகாரத்தின் தடிமன் 3.5 மில்லிமீட்டர், உள்ளே ஓடும் பொறி 1.15 மில்லிமீட்டர். சொந்தப் பொறியாளர்களே ஆண்டுக்கணக்கில் முயன்று செய்தது அது. சிறு பட்டறைக்கு அவ்வளவு பொறுமை கட்டுப்படியாகாது. மலிவாகத் தோற்கும் வழிதான் அதற்கு ஏற்றது. 2004 சுனாமிக்குப் பின் ஆரோவில்லின் உபாசனா ஆடைப் பட்டறை, வெட்டி மிஞ்சிய துணியில் சிறு பொம்மை செய்ய மீனவப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்ற அந்தப் பொம்மை விற்பனைக்கல்ல, அன்பளிப்பு, நன்கொடையில் நடந்தது. தையல் பிசகினாலும் போவது கழிவுத்துணிதான்.

சோதனை தோற்றால் பழைய இடமும் பழைய கூலியும் அப்படியே கிடைக்க வேண்டும். இதை முன்கூட்டியே, எல்லார் எதிரிலும் சொல்லிவிடுவது உத்தமம். வென்றால் ஒருநாள் சால்வையைவிட விற்பனையில் ஒரு பங்கு மேல்.

தொழில் கற்றபின் தனியே கடை போடுகிறவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் தடை ஒப்பந்தம் எழுதி வாங்குவது ஊருக்குள் பகையைத்தான் வளர்க்கும். வாசனைச் சேர்மானத்தைப் பட்டறை வைத்துக்கொண்டு, உருட்டும் வேலையை அவர்களுக்கே ஆர்டராகக் கொடுக்கலாம். முதல் ஆர்டருக்கு முன்பணமும் சேர்த்து.