வரைபடத்துக்கு முன்னால் மண்டிக்குப் போங்கள்

ஸ்மார்ட் நகரத்தின் உணவு ஏற்பாடுகளை வகுக்க வந்திருக்கும் இளையவர்களுக்கு.

1. கூட்டத்தைச் சந்தையில் உழைப்பவர்களுக்கு ஒழிந்த நேரத்தில் வையுங்கள். மொத்தக் காய்கறிச் சந்தை நள்ளிரவில் லாரிகளோடு விழிக்கிறது. சில்லறைக்காரர்கள் விடிவதற்குள் வாங்கிப் போய்விடுகிறார்கள். காலை பதினொரு மணிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டால், மூட்டை தூக்குபவர் உறக்கத்தில் இருப்பார், தள்ளுவண்டிக்காரர் தெருவில் இருப்பார். வந்து உட்காருபவர்கள் சங்கத் தலைவர்களும் ஒப்பந்தக்காரர்களும்தான். மண்டிக்கே போய், சரக்கு இறங்கி ஓய்ந்த பிறகு பேசுங்கள்.

2. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தை வரிவரியாகப் படியுங்கள். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஒருவரை இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வியாபாரிகளோடு கலந்து பேசுவது நாம் காட்டும் தயவல்ல, நம் கடமை. நடைபாதைக்கு டைல்ஸ் தேர்ந்தெடுத்த பிறகு அந்தக் குழுவைக் கூட்டுவது வெறும் கண்துடைப்பு.

3. சந்தையை நகர்த்துவதற்கு முன் பலமுறை யோசியுங்கள். சென்னை கொத்தவால்சாவடியின் மொத்தக் காய்கறி வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேட்டை மூடித் திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைத்தார்கள். மொத்த வியாபாரிகளுக்கு அங்கே இடம் கிடைத்தது. செப்டம்பரில் கோயம்பேடு மறுபடி திறந்தபோதும் சில்லறைக் கடைக்காரர்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. பெருந்தொற்றில் மூடியதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவசரம் வரும்போது முதலில் விடுபடுவது எந்தப் பெயர்கள் என்பதை அங்கே பார்த்தோம். அந்தப் பெயர்களை இப்போதே உங்கள் பட்டியலின் தலையில் எழுதுங்கள்.

4. விவசாயியிடம் விலையை மட்டும் கேட்காதீர்கள். கூடையோடு ஏற எந்தப் பஸ் கிடைக்கிறது, விற்காத கீரையை என்ன செய்கிறார், பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று கேளுங்கள். 1999 நவம்பர் 14-இல் மதுரை அண்ணாநகரில் முதல் உழவர் சந்தை திறந்தது. வாடகையில்லாத கடை, தராசு, அன்றைய விலை எழுதிய பலகை, விவசாயிக்கு அடையாள அட்டை: இவ்வளவுதான் அதன் தொழில்நுட்பம். இடைத்தரகர் இல்லாமல் விற்க அது போதுமானதாக இருந்தது. செயலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இவற்றுக்குப் பிறகு வரட்டும்.

5. சமைக்கிறவர்களை மறக்காதீர்கள். சென்னையில் 2013-இல் தொடங்கிய அம்மா உணவகங்களில் அடுப்படியில் நிற்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். எந்த வேளைக்கு யார் பசியோடு வருகிறார்கள் என்பது அவர்களுக்கு அத்துப்படி. எந்த சென்சாரும் அதைச் சொல்லாது.

6. பிரேசிலின் பெலோ ஒரிசோன்ச்சி நகரம் 1993-இல் உணவுக்கென்றே ஒரு துறை அமைத்தது. கூடவே குடிமக்களும் அமைப்புகளும் இடம்பெற்ற ஆலோசனைக் குழுவும் இருந்தது. நம் மாநகராட்சிகளிலும் இப்படியொரு துறையையும் குழுவையும் கேளுங்கள்.

7. கேட்டுவிட்டுக் காணாமல் போகாதீர்கள். எந்த யோசனையை ஏற்றீர்கள், எதை ஏன் தள்ளினீர்கள் என்று தமிழில் எழுதி, அதே மண்டிச் சுவரில் ஒட்டுங்கள். வரைபடம் ஒப்புதலுக்குப் போகும் முன்பே ஒட்டுங்கள்.