வால்வு மாட்டினால் ஒலி அமுங்கிவிடுமா?

வால்வு ஆம்ப்ளிஃபயரில் பாட்டும் பேச்சும் ஏற்ற இறக்கம் தணிந்து கனிவாகக் கேட்கும். ஆகவே ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் நல்ல கம்ப்ரஸருக்கு ஒரு வால்வு இருந்தாலே போதும் என்ற நம்பிக்கை மைக் செட்காரர்கள் முதல் ஸ்டுடியோக்காரர்கள் வரை பரவிக் கிடக்கிறது. அது தவறு. சான்று, தமிழ்நாட்டு ஊர்களில் ஒருகாலத்தில் இலங்கை வானொலியைச் சிற்றலையில் பிடித்துத் தந்த வால்வு ரேடியோவுக்குள்ளேயே இருக்கிறது. சிற்றலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் அதன் வலு கூடிக்கொண்டும் குறைந்துகொண்டும் இருக்கும். அதைச் சமாளிக்கப் பல ரேடியோக்களில் இபிஎஃப்89 என்ற வால்வு இருந்தது: ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டயோடு, பெருக்குவதற்கு ஒரு பென்டோடு. அலை வலுத்தால் டயோடு தரும் எதிர் மின்னழுத்தம் கூடும். அதைப் பென்டோடில் எலக்ட்ரான் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிடுக்குக் கொடுத்தால் பெருக்கம் குறையும். இந்தக் கிரிடின் கம்பிச் சுற்றுகள் சீரான இடைவெளியில் இருக்காது. நெருக்கமான பகுதி முதலில் அடைபடும். அகன்ற பகுதி கடைசிவரை எலக்ட்ரான்களை விடும். பெருக்கம் சட்டென்று அறுந்துபோகாமல் படிப்படியாகத் தணிவது இதனால்தான்.

ஸ்டுடியோக்களில் பேர்போன ஃபேர்சைல்டு 670 கம்ப்ரஸரும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. ரேடியோ அளந்தது அலையின் வலுவை. இது அளப்பது ஒலியின் வலுவை. ஒலியோ நொடிக்குள் பலமுறை மாறும். எவ்வளவு விரைவில் பிடிக்க வேண்டும், எவ்வளவு மெதுவாக விட வேண்டும் என்று தீர்மானிக்கும் கட்டுப்பாட்டுச் சர்க்யூட்டில்தான் கம்ப்ரஸரின் குணம் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. அது இல்லாமல், நூறு மடங்கு பெருக்கக்கூடிய இசிசி83 வால்வை ஒரு பெட்டியில் சொருகினால் கிடைப்பது வெறும் ஆம்ப்ளிஃபயர். வால்வு கம்ப்ரஸர் என்றே கொண்டாடப்படும் டெலிட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ-வில் ஒலியை அமுக்குவது வால்வே அல்ல. ஒளி பட்டால் மின்தடை குறையும் ஒரு செல். வால்வுகளின் வேலை பெருக்குவதும் அந்த ஒளியை ஏற்றுவதும்.

வால்வை அளவுக்கு மீறி ஓட்டினால் உச்சிகள் மழுங்குகின்றனவே, அதுவும் அமுக்கம்தானே என்று கேட்கலாம். மழுங்குவது உண்மை. ஆனால் அங்கே ஒவ்வொரு அலையின் வடிவமும் சிதைகிறது. கம்ப்ரஸர் வடிவத்தைக் கூடியவரை காத்து, மொத்த ஒலியளவைத்தான் இறக்குகிறது. வால்வின் இரட்டைப்படை ஹார்மோனிக்குகளே இனிமை தருகின்றன என்ற வாதமும் இங்கே நிற்காது. கட்டுப்பாட்டு மின்னழுத்தம் மாறும்போது ‘டொம்’ என்ற சத்தம் ஒலியோடு வந்துவிடாதிருக்க, ஃபேர்சைல்டு வகைக் கம்ப்ரஸர்களில் இரண்டு வால்வுகளை எதிரெதிராக ஓட்டுகிறார்கள். அந்த அமைப்பு ‘டொம்’மோடு இரட்டைப்படை ஹார்மோனிக்குகளையும் பெரும்பாலும் அடித்துவிடுகிறது.

வால்வுக்குப் பங்கே இல்லை என்பதல்ல என் வாதம். ஒலி கூடக் கூட அமுக்கமும் மெல்ல இறுகுவது அந்தச் சீரற்ற கிரிடு தரும் வரம்.  அதனால், இத்தகைய கம்ப்ரஸர் செய்ய நினைப்பவர்கள் பேர்பெற்ற பிராண்டு வால்வைத் தேடி அலைவதைவிட, பல மின்னழுத்தங்களில் அளந்து பொருந்திய ஜோடியைத் தேர்ந்தெடுக்க நேரம் செலவிடட்டும். ஜோடி பொருந்தாவிட்டால் மேளத்தின் ஒவ்வொரு அடிக்கும் அந்த ‘டொம்’ கூடவே வரும்.