இசையும் மனநிலையும்: ஆங்கிலப் பேச்சுப் பரீட்சைக்கு ஒரு பாடம்

திருகோணமலை மாவட்டத்தில் க.பொ.த. உயர்தரம் முடித்த இளைஞர் யுவதிகள் பலர் இன்று ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் ஆங்கிலப் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றனர். சிலர் மேற்படிப்பை நாடுகின்றனர். சிலர் வெளிநாட்டில் தாதியர் தொழிலை நாடுகின்றனர். வாசிப்புக்கும் எழுத்துக்கும் புத்தகங்களைப் பார்த்துத் தனியே பயிற்சி செய்யலாம். ஆனால் பேச்சுப் பகுதி என்றவுடன் நா உலர்ந்துவிடுகிறது. பிரித்தானியாவில் தாதியராகப் பதிவு பெறுவதற்கு இப்பரீட்சையின் பேச்சுப் பகுதியில் 7 புள்ளி வேண்டும். ஆகவே சில நிமிட உரையாடல் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே தொடுகிறது எனலாம்.

அடிக்கடி கேட்கப்படும் தலைப்புகளில் ஒன்று இசை. இசைக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கேட்டால் எவ்வாறு விடை சொல்வது என்பதே இப்பாடம். ஒலி விளங்குவதற்காக ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்தில் தந்துள்ளோம். உங்கள் கொப்பியில் அவற்றை ஆங்கிலத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பரீட்சையின் அமைப்பு

பேச்சுப் பரீட்சை 11 முதல் 14 நிமிடம் வரை நடைபெறும். முதற் பகுதியில் உங்களைப் பற்றிய எளிய வினாக்கள் வரும். இரண்டாம் பகுதியில் ஓர் அட்டை தரப்படும். 1 நிமிடம் யோசித்து, 2 நிமிடம் வரை நீங்களே பேசவேண்டும். மூன்றாம் பகுதியில் அதே விடயத்தைச் சற்று ஆழமாகக் கலந்துரையாடுவர்.

தடையின்றித் தொடர்ச்சியாகப் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம அளவில் புள்ளி உண்டு. நீங்கள் எந்த இசையை விரும்புகிறீர்கள் என்பதற்குப் புள்ளி கிடையாது. இதை நன்றாக மனதிற் கொள்ளுங்கள். ஒருநாளும் கேட்டிராத மேல்நாட்டு இசையைப் பற்றி மனப்பாடம் செய்து ஒப்புவிப்பவர், அடுத்த கேள்வியிலேயே தடுமாறுவார். மனப்பாட விடையைப் பரீட்சகரும் எளிதில் இனங்கண்டுகொள்வார்.

உங்களிடம் உள்ளதைச் சொல்லுங்கள்

நம்மிடம் இசைக்குப் பஞ்சமில்லை. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல், கோணேசர் கோயில் நாதஸ்வரம், ஆலயப் பாடகர் குழுவின் கீதம், முஸ்லிம் மக்களின் ரபான் ஒலி, பாலையூற்றுப் பறங்கியர் சமூகத்தின் பைலா, பஸ்ஸில் ஒலிக்கும் சினிமாப் பாட்டு என எத்தனையோ உண்டு. பெயரைத் தமிழிலேயே சொல்லிவிட்டு, ஒரு வசனத்தில் விளக்கினால் போதும்: "இற் இஸ் எ சோங் தற் ஃபிஷர்மென் சிங் வைல் புல்லிங் த நெற்." அறிந்ததைப் பேசும்போது நா தானாகவே இளகும்.

முதற் பகுதி: மூன்று படிகள்

விடை, காரணம், உதாரணம் என்ற ஒழுங்கில் பேசப் பழகுங்கள்.

வினா: "டஸ் மியூஸிக் அஃபெக்ற் யுவர் மூட்?" இசை உங்கள் மனநிலையை மாற்றுகிறதா?

விடை: "யெஸ், இற் டஸ். வென் ஐ ஆம் ரயர்ட், சோஃப்ற் மியூஸிக் காம்ஸ் மீ டவுன். ஃபோர் எக்ஸாம்பிள், ஐ ஒஃபன் லிஸின் ரு ரெம்பிள் மியூஸிக் இன் த ஈவ்னிங்."

களைத்திருக்கும்போது மென்மையான இசை என்னை அமைதிப்படுத்துகிறது. உதாரணமாக, மாலையில் கோயில் இசையை அடிக்கடி கேட்பேன் என்பதே பொருள். "யெஸ்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்.

வேறு பயனுள்ள தொடர்கள்: "இற் சியர்ஸ் மீ அப்" என்றால் எனக்கு உற்சாகம் தருகிறது. "இற் டிப்பென்ட்ஸ் ஒன் மை மூட்" என்றால் அது என் மனநிலையைப் பொறுத்தது.

நாம் வழுக்கும் இடங்கள்

1. தமிழில் "கேட்டல்" என்ற ஒரே சொல் பல பொருளில் வருகிறது. ஆங்கிலத்தில் காதில் தானாக விழுவது "ஹியர்". விரும்பிச் செவிமடுப்பது "லிஸின் ரு". பாட்டை இரசிப்பதற்குப் பின்னையதே பொருந்தும். "ரு" என்பதை விட்டுவிடக்கூடாது.

2. "மூட் அவுட்" என்று நாம் பேச்சில் சொல்வது ஆங்கிலேயருக்கு விளங்காது. "ஐ ஃபீல் டவுன்" என்பதே சரி. "மூடி" என்றால் கவலையாயிருப்பவர் அல்லர். அடிக்கடி மனநிலை மாறுபவர், எளிதில் எரிந்துவிழுபவர்.

3. "ஐ ஆம் போரிங்" என்றால் நான் மற்றவருக்குச் சலிப்புத் தருபவன் என்று ஆகிவிடும். எனக்குச் சலிப்பாயிருக்கிறது என்பதற்கு "ஐ ஆம் போர்ட்" என்று சொல்லவேண்டும். அவ்வாறே, பாட்டு "ரிலாக்ஸிங்". அதைக் கேட்கும் நான் "ரிலாக்ஸ்ட்".

இரண்டாம் பகுதி: நினைவைத் தரும் பாடல்

பழைய நினைவைக் கொண்டுவரும் ஒரு பாடலைப் பற்றிப் பேசும்படி அட்டையில் வரலாம். தரப்படும் 1 நிமிடத்தில் முழு வசனம் எழுதாதீர்கள். என்ன பாடல், எங்கே கேட்டேன், யார் பாடினார், என்ன உணர்ந்தேன் என நான்கு குறிப்புகள் போதும். அன்று வழக்கமாக நடந்ததைச் சொல்ல "யூஸ்ட் ரு" உதவும்: "மை கிரான்ட்மதர் யூஸ்ட் ரு சிங் இற்." பாட்டி அதைப் பாடுவது வழக்கம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். 2009 வரை நீடித்த யுத்தமும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் தொடாத வீடு நம் மாவட்டத்தில் குறைவு. ஒரு பாடலை நினைத்தவுடன் இழந்தவரின் முகம் முன்னே வரலாம், தொண்டை அடைத்துக்கொள்ளலாம். பரீட்சகருக்கு உங்கள் துயரம் முழுவதையும் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. தாங்கிப் பேசக்கூடிய ஒரு பாடலை வீட்டிலேயே தெரிந்து வைத்திருங்கள். துயரப் பாடலையே தெரிவு செய்தாலும் தவறில்லை: "இற் இஸ் எ ஸாட் சோங், பற் இற் கம்ஃபர்ட்ஸ் மீ." அது சோகப் பாடல், ஆயினும் ஆறுதல் தருகிறது. இதுவும் நல்ல விடையே.

மூன்றாம் பகுதி: பொதுவான வினாக்கள்

இசை வேலைக்கு உதவுமா? மக்கள் ஏன் சோகப் பாட்டைக் கேட்கின்றனர்? இத்தகைய வினாக்களுக்கும் நம் வாழ்விலேயே விடை உண்டு. அம்பாவில் ஒருவர் அடியெடுத்துப் பாட மற்றவர்கள் தொடர்வர், அந்தத் தாளத்துக்கு எல்லாக் கைகளும் ஒன்றாக இழுக்கும், களைப்பும் குறையும். தாலாட்டு பிள்ளையைத் தூங்கவைக்கிறது. ஒப்பாரி துக்கத்தை வெளியே வரச்செய்து, அழுபவரைத் தனியே விடாது காக்கிறது. மிகவும் இரசித்த இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமின் என்னும் பொருள் சுரப்பதைக் கனடாவின் மொன்றியல் நகர ஆய்வாளர்கள் 2011இல் காட்டினர். இவற்றில் ஒன்றைச் சொன்னாலும் உங்கள் விடை கனம் பெறும்.

வினா விளங்காவிட்டால் மௌனமாக இருக்கவேண்டாம். "குட் யூ ரிப்பீற் த குவெஸ்சன், பிளீஸ்?" என்று பணிவுடன் கேளுங்கள்.

பயிற்சி

இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் பரீட்சகராகவும் மற்றவர் விடையளிப்பவராகவும் பேசுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

1. மழை நாளில் எத்தகைய இசையை விரும்புவீர்கள்? ஏன்?
2. சிறுவயதில் கேட்ட ஒரு பாடலைப் பற்றி 2 நிமிடம் பேசுங்கள்.
3. முதியோரும் இளையோரும் ஒரே பாட்டை இரசிக்க முடியுமா?

நாளுக்கு 10 நிமிடம் வாய்விட்டுப் பேசினால் போதும். வலை இழுப்பதும் அப்படித்தான். ஒரே இழுவையில் வலை கரைக்கு வருவதில்லை.