நான்கு பக்கங்கள் போதுமா? – நில அளவையும் வடிவியலும்

தென்னை ஓலையிலிருந்து நான்கு ஈர்க்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டினை 20 செ.மீ. நீளத்திலும், இரண்டினை 15 செ.மீ. நீளத்திலும் நறுக்குங்கள். ஒத்த நீளமுள்ளவை எதிரெதிரே அமையுமாறு வைத்து, நான்கு முனைகளையும் நூலால் கட்டுங்கள். மேசைமீது அழகிய செவ்வகம் ஒன்று தோன்றும். இப்பொழுது ஒரு மூலையை விரலால் மெல்லத் தள்ளுங்கள். செவ்வகம் சாய்ந்து இணைகரமாகும். மேலும் தள்ளினால் ஒடுங்கும். முடிவில் ஈர்க்குகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்து, நடுவே இடமே இல்லாமற் போகும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது யாது? ஈர்க்குகளின் நீளம் சிறிதும் மாறவில்லை. சுற்றளவு தொடக்கத்திலும் 70 செ.மீ.; முடிவிலும் 70 செ.மீ. ஆனால் உள்ளே அடங்கிய பரப்பளவோ 300 சதுர செ.மீ. என்னும் அளவிலிருந்து ஒன்றுமில்லை என்னும் அளவிற்குக் குறைந்துவிட்டது. நான்கு பக்கங்களின் நீளத்தை மட்டும் அறிந்தவர் அந்த வடிவத்தின் பரப்பளவை அறிந்தவர் ஆகார். நிலம் வாங்குவோரும் விற்போரும் பெரிதும் மயங்கும் இடம் இதுவே. ஆதலின் மாணவர்களுக்கு எழுதும் இப்பாடத்தைப் பெற்றோர்களும் உடனிருந்து படிக்குமாறு வேண்டுகிறோம்.

பரப்பளவு என்பது ஓர் இடத்தைச் சிறு சதுரக் கட்டங்களால் நிரப்பினால் எத்தனை கட்டங்கள் அடங்கும் என்னும் எண்ணிக்கையாகும். செவ்வகத்தில் ஒரு வரிசைக்கு 20 கட்டங்கள், அவ்வாறு 15 வரிசைகள், ஆகவே 300. வடிவம் சாய்ந்துவிட்டால் 15 செ.மீ. ஈர்க்கு சரிந்து நிற்கிறது. அதன் உயரம் 15 ஆகாது. அடிக்கோட்டிலிருந்து மேற்கோடு வரை நேர் செங்குத்தாக அளந்தால் 12 செ.மீ. இருக்குமானால் பரப்பளவு 20 × 12 = 240. உயரம் 9 ஆகுமானால் 180. பெருக்கவேண்டியது சாய்ந்த பக்கத்தை அன்று, செங்குத்து உயரத்தையே ஆகும்.

இனி, ஐந்தாவது ஈர்க்கு ஒன்றை எடுத்து, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்கே கட்டுங்கள். இப்பொழுது தள்ளிப் பாருங்கள். வடிவம் அசையாது! மூலைவிட்டம் ஒன்று விழுந்ததும் நாற்கரம் இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் முடிவாகிவிட்டால் அதன் கோணங்களும் முடிவாகிவிடுகின்றன. அது சாய இயலாது. கோழிக் கூண்டின் கதவிற்குத் தச்சர் குறுக்குச் சட்டம் அடிப்பதும், கூரைக்கு முக்கோணச் சட்டங்களைப் பூட்டுவதும் இதன் பொருட்டே. குறுக்குச் சட்டம் இல்லாத கதவு சில மாதங்களில் தொங்கித் தரையைத் தேய்ப்பதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம்.

கதவிற்கு உதவும் அம்முக்கோணம் நிலத்திற்கும் உதவும். சீரற்ற ஒரு காய்கறித் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மூலைகளை அ, ஆ, இ, ஈ எனக் குறிப்போம். அ முதல் ஆ வரை 20 மீட்டர். ஆ முதல் இ வரை 15 மீட்டர். இ முதல் ஈ வரை 7 மீட்டர். ஈ முதல் அ வரை 24 மீட்டர். இதன் பரப்பளவு என்ன?

எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டி இரண்டால் வகுத்து, கிடைக்கும் இரு சராசரிகளையும் பெருக்குவது பலர் கையாளும் வழி. இது புதியதன்று. எகிப்து நாட்டில் எட்பூ என்னுமிடத்துக் கோயிற் சுவர்களில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னர், கோயில் நிலங்களின் அளவுகள் இம்முறையிலேயே கணக்கிட்டுப் பொறிக்கப்பட்டுள்ளன. நம் தோட்டத்திற்கு இவ்வழியில் 20உம் 7உம் சேர்ந்து சராசரி 13.5, 15உம் 24உம் சேர்ந்து சராசரி 19.5, பெருக்கினால் 263.25 சதுர மீட்டர்.

இப்பொழுது முக்கோண வழியில் அளப்போம். அ மூலையிலிருந்து இ மூலைக்குக் கயிற்றை இழுத்துக் கட்டி அளக்கின்றோம். 25 மீட்டர் வருகின்றது எனக் கொள்வோம். பின்னர் ஆ மூலையில் இன்னொரு கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு, முன்பு கட்டிய கயிற்றை மிகக் குறைந்த தூரத்தில் எங்கே தொடலாம் எனப் பார்க்க வேண்டும். அந்தக் குறைந்த தூரமே செங்குத்து உயரம். அது 12 மீட்டர். மறுபுறம் ஈ மூலையிலிருந்து அவ்வாறே அளந்தால் 6.72 மீட்டர். முக்கோணத்தின் பரப்பளவு அடியையும் உயரத்தையும் பெருக்கிவரும் தொகையிற் பாதி. ஆகவே ஒரு முக்கோணம் 150 சதுர மீட்டர், மற்றொன்று 84 சதுர மீட்டர்; மொத்தம் 234.

263 எங்கே, 234 எங்கே! இடையில் 29 சதுர மீட்டருக்கு மேல் இல்லாத நிலம் கணக்கில் ஏறிவிட்டது. ஒரு சிறு வீட்டின் கூடமும் அடுக்களையும் அதில் அடங்கும். அந்நான்கு நீளங்களைக் கொண்டு எவ்வாறு வளைத்து வேலி கட்டினாலும் 234 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அமையவே அமையாது. சராசரி முறை செவ்வகத்திற்கு மட்டுமே சரியான விடை தரும். மற்ற நாற்கரங்களுக்கெல்லாம் கூடுதலாகவே காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. ஆதலின் நிலத்தை இம்முறையில் அளந்து விற்றால் நட்டம் எப்பொழுதும் வாங்குபவருக்கே. ஏக்கர்க் கணக்கில் புல் வெட்டும் குத்தகையில் மட்டும் நிலைமை நேர்மாறாகித் தொழிலாளிக்கு ஆதாயமாக முடியும். ஆனால் அங்கே இம்முறையை எவரும் பயன்படுத்தி நாம் கண்டதில்லை.

ஒரு நிலம் செவ்வகந்தானா எனச் சோதிப்பதற்கும் மூலைவிட்டங்களே சான்று. எதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்து, இரு மூலைவிட்டங்களும் சமமாக இருப்பின் அது செவ்வகம். கடைக்கால் போடும் கொத்தனார் இரு குறுக்கும் அளந்து பார்ப்பது இதற்காகவே. 20 மீட்டருக்கு 15 மீட்டர் நிலத்தில் இரு குறுக்கும் 25 மீட்டராக இருத்தல் வேண்டும். நாம் முன்பு சாய்த்த வடிவில், உயரம் 12 ஆக இருந்தபோது, ஒரு குறுக்கு 31 மீட்டரையும் தாண்டும். மற்றது 16 மீட்டரைச் சிறிதே கடக்கும்.

புதிதாக ஒரு செங்கோணத்தை அமைக்க வேண்டுமாயின் 12 மீட்டர் கயிறு ஒன்று போதும். ஒரு நுனியிலிருந்து 3 மீட்டரில் ஒரு முடிச்சு, அங்கிருந்து 4 மீட்டரில் மற்றொரு முடிச்சு. எஞ்சியது 5 மீட்டர். இரு நுனிகளையும் ஒன்றாகச் சேர்த்து, அச்சேர்ப்பிலும் இரு முடிச்சுகளிலும் முளை அடித்து இறுக்கினால், 3 மீட்டரும் 4 மீட்டரும் கூடும் மூலையில் செங்கோணம் அமையும். 3 × 3 = 9; 4 × 4 = 16; இரண்டும் சேர்ந்து 25; அதுவே 5 × 5. இவ்வாறு இரு சிறு பக்கங்களின் வர்க்கங்கள் கூடிப் பெரிய பக்கத்தின் வர்க்கத்திற்குச் சமமானால் அங்கே செங்கோணம் இருந்தே தீரும். யூக்ளிடு என்னும் கிரேக்க அறிஞர் கி.மு. 300ஆம் ஆண்டளவில் இதனைத் தம் நூலின் முதற்பகுதியில் இறுதித் தேற்றமாக நிறுவியுள்ளார். தச்சரின் மூலைமட்டம் சிறியது. அதனைக்கொண்டு நீண்ட சுவருக்குக் கோடு பிடித்தால் சிறு பிழை பெரிதாகும். கயிறு அவ்வளவு பிழை தராது.

அளவுகளைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டத்திற்குப் பின் மலேசியா மீட்டர் முறைக்கு மாறிற்று. எனினும் ஏக்கரும் சதுர அடியும் மக்கள் நாவில் இன்னும் வாழ்கின்றன. நம் முன்னோர் காலத்தில் நிலத்தைச் சங்கிலியால் அளந்தனர். ஒரு சங்கிலி 66 அடி. ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் கொண்ட நிலம் ஓர் ஏக்கர். அதாவது 43,560 சதுர அடி. ஒரு ஹெக்டர் என்பது 10,000 சதுர மீட்டர். அது ஏறத்தாழ 2.47 ஏக்கர்.

ஒரு மீட்டருக்கு 3.28 அடி. ஆனால் ஒரு சதுர மீட்டருக்கு 3.28 சதுர அடி அன்று! நீளமும் அகலமும் ஆகிய இரண்டுமே மாறுவதால் 3.28 × 3.28, அதாவது 10.76 சதுர அடி. 20 அடிக்கு 70 அடி வீட்டு மனை 1,400 சதுர அடி, அதனை 10.76ஆல் வகுத்தால் 130 சதுர மீட்டர். 3.28ஆல் வகுத்தவர் 427 சதுர மீட்டர் எனக் கூறி மகிழ்வார். மனையோ மகிழ்ந்து விரியாது.

தோட்டத் தொழிலாளர்க்கு ஏக்கர் என்பது வெறும் சொல்லாக இருந்ததில்லை. பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாதம் பத்து வெள்ளி செலுத்திப் பங்கு சேர்த்த தொழிலாளர் அதன்வழித் தோட்டங்களுக்கு உரிமையாளர் ஆயினர். அவ்வாறு வியர்வையால் சேர்த்த பணத்தில் வாங்கும் நிலத்தை அளக்கத் தெரிந்திருத்தல் நன்றல்லவா?

தோட்டத்திலேயே வடிவியல் நிறைந்திருக்கின்றது. பால்மரங்கள் நின்ற பல தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கின்றது. செம்பனைக் காட்டின் நடுவே நின்று பாருங்கள். ஆறு திசைகளில் நேர்நிரை தெரியும். கன்றுகளைச் சமபக்க முக்கோணமாக நடுவதே காரணம். மரத்திற்கு மரம் 9 மீட்டர் எனில், நிரைக்கு நிரை ஏறத்தாழ 7.8 மீட்டர் போதும். ஒரு மரத்திற்கு வேண்டிய இடம் 70 சதுர மீட்டர் அளவே. ஹெக்டருக்கு ஏறத்தாழ 142 மரங்கள் நிற்கும். அதே 9 மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் ஒரு மரத்திற்கு 81 சதுர மீட்டர். 123 மரங்களே நிற்கும். எந்த மரமும் அடுத்த மரத்தை நெருக்காமலேயே முக்கோணம் 19 மரங்களுக்குக் கூடுதல் இடம் தருகின்றது.

பால் வெட்டும் தாய்மார் கோணமானியைத் தொட்டிராவிடினும் 30 பாகையைக் கையால் அறிவர். ஒட்டுக்கன்று மரத்தில் இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து வரும் வெட்டின் சாய்வு அதுவே. 50 செ.மீ. சுற்றளவுள்ள மரத்தின் பட்டையை, பால் டின்னில் சுற்றிய தாளைப் பிரிப்பதுபோல் மனத்தில் விரித்துப் பாருங்கள். அரைச்சுற்று 25 செ.மீ. அகலமாகும். வெட்டு அதன் குறுக்கே சாய்ந்து செல்லும் கோடு. செங்கோண முக்கோணத்தின் மிகப் பெரிய பக்கம். அதன் நீளம் ஏறத்தாழ 29 செ.மீ. பால்குழாய்கள் பட்டையில் நேராக ஏறாமல் வலப்புறமாகச் சில பாகை சாய்ந்து ஏறுவதால், இத்திசையில் வெட்டும்போது மிகுதியான குழாய்கள் திறக்கின்றன. பாலும் சரிவில் வழிந்து தானே மங்கில் சேர்கின்றது.

மலைச்சரிவில் வேலை செய்வோர் இன்னொன்றும் அறிதல் வேண்டும். நிலவரைபடம் காட்டுவது மேலிருந்து நேர்கீழாகப் பார்க்கும் கிடைமட்ட அளவையே ஆகும். 20 பாகைச் சரிவில் ஒருவர் 100 மீட்டர் ஏறி நடந்தால், படத்தில் அது 94 மீட்டராகவே தோன்றும். ஆகவே சரிவின்மீது 100 மீட்டருக்கு 100 மீட்டர் புல் வெட்டியவருக்குப் படத்தின்படி கணக்கிட்டால் 9,400 சதுர மீட்டரே வரும். 600 சதுர மீட்டர் புல்லை அவர் வெட்டியது மெய். படத்தில் இல்லாததும் மெய். படத்தை வரைந்தவர் பிழை செய்யவில்லை; கூலியைப் பேசும்போது எந்த அளவின்படி என்று கேட்பதே முறை.

விடுமுறையில் செய்து பார்க்க ஒரு கணக்கு. அடுத்தடுத்த இரு வீட்டாருக்கும் காய்கறித் தோட்டம் உண்டு. இரண்டிலும் நான்கு பக்கங்களும் 13 மீட்டர்தான். முதல் வீட்டார் தம் தோட்டத்தைக் குறுக்கே ஒரு மூலைவிட்டம் அளந்தார்; 10 மீட்டர் வந்தது. இரண்டாம் வீட்டாரும் தம் தோட்டத்தில் ஒரு மூலைவிட்டம் அளந்தார். 24 மீட்டர் வந்தது. எவருடைய தோட்டம் பெரிது? படம் வரைந்து, செங்குத்து உயரம் கண்ட பின்னரே கீழே பாருங்கள்.

விடை: முதல் தோட்டத்தில் முக்கோணத்தின் அடி 10, உயரம் 12, இரண்டு முக்கோணங்களும் சேர்ந்து 120 சதுர மீட்டர். இரண்டாம் தோட்டத்தில் அடி 24, உயரம் 5. அதுவும் 120 சதுர மீட்டர். இரு தோட்டங்களும் ஒரே வடிவின. ஒருவர் குட்டையான குறுக்கை அளந்தார், மற்றவர் நெட்டையானதை அளந்தார். 13 × 13 = 169 என்று எழுதியவர்கள் ஈர்க்குகளை மீண்டும் எடுக்கவும்.