பழைய ஊர்தியின் எழில்

தூத்துக்குடித் துறையிலே மரத்தோணி பழுதுற்றால், தண்டலும் ஓடாவியும் கண்ணாற் கண்டு, கையாற் செப்பனிடுவர். பழைய ஆங்கில மோட்டார் வண்டிகளின் எழிலும் இத்தகையதே.

சென்னையருகே 1961 முதல் ஸ்டாண்டர்டு நிறுவனத்தார் செய்துவந்த ஹெரால்டு, 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் வழித்தோன்றல். 1962இல் வெளிவந்த ஸ்பிட்பயர் என்னும் விரைவூர்தியும் அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைத்ததே. இவற்றின் முன்மூடி முழுவதும் முன்னோக்கிச் சாயும். எந்திரமும் முன்சக்கரங்களின் அமைப்பும் வெளிப்படையாய்த் தோன்றும்.

இக்காலச் சொகுசு வண்டி பாதுகாப்பிலும் வசதியிலும் மேம்பட்டதென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதன் பழுதைக் கணிப்பொறியே உரைக்கவேண்டும். உடையவன் அயலான்போல் நிற்பான். பழைய வண்டியோ தன்னை அறியுமாறு அவனை அழைக்கின்றது. அறிந்த பொருளிடத்தே அன்பு தோன்றும். அவ்வன்பையே நாம் எழிலென்கிறோம்.