தாழ்வுபாட்டிலிருந்து தூரதேச ஆலோசனை: குறுங்காலப் பணியை ஏற்குமுன் செய்யவேண்டியவை

பெரிய ஸ்தாபனங்களின் கணக்கு, களஞ்சியம், கொள்வனவு, சம்பளம் ஆகிய சகல காரியங்களையும் ஒரே கட்டுக்குள் வைத்து நடத்தும் எஸ்ஏபி, ஒராக்கிள், ஐஎஃப்எஸ் போன்ற மென்பொருள்களிலே கொழும்பில் சில வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு, மன்னார்த் தீவின் தென்கரையிலுள்ள தாழ்வுபாட்டுக்குத் திரும்பி, வீட்டிலிருந்தபடியே இரண்டு வாரம், ஒரு மாதம் என்ற அளவிலே வெளிநாட்டு ஸ்தாபனங்களுக்கு ஆலோசனை வழங்கிப் பிழைக்க இயலுமா என்று யோசிக்கும் இளைஞர்களையும் யுவதிகளையும் மனத்திற்கொண்டே இதை எழுதுகிறேன். இயலும் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் எந்த வேலை இயலும், எது இயலாது என்பதை நிர்ணயிப்பதிலேதான் முக்காற்பங்கு சாமர்த்தியம் இருக்கிறது.

இந்த வித்தியாசத்துக்கு உதாரணம் அந்தக் கரையோரத்திலேயே நிற்கிறது. இலங்கை மின்சார சபையால் அமைக்கப்பட்டு, 2020 டிசம்பரிலே திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையிலே, தலைக்கு 3.45 மெகாவாட் வலுவுடைய, டென்மார்க்கின் வெஸ்டாஸ் கொம்பனி செய்த 30 யந்திரங்கள் சுழலுகின்றன. இத்தகைய யந்திரத்தின் வேகத்தையும் உஷ்ணத்தையும் எங்கோ ஒரு திரையிலே பார்த்துப் பழுதின் காரணத்தை ஊகிக்கலாம். பழுதான பாகத்தை மாற்றவோ ஒருவர் கோபுரத்தின் மேல் ஏறியே ஆகவேண்டும். மென்பொருளிலும் அப்படியே: கணினியிலே பதிவாகியிருப்பதைத் தூரத்திலிருந்து திருத்தலாம், களஞ்சியக்காரரின் பழக்கத்திலும், இரண்டு பகுதித் தலைவர்களின் தீராத வழக்கிலும் மறைந்திருப்பதைத் திருத்த அங்கே போய் இருந்தேயாகவேண்டும்.

ஆதலால் முதற்காரியம் வேலையைத் தெரிவுசெய்தல். பிழையாகக் கூட்டும் ஓர் அறிக்கையைச் சரிசெய்தல், புதிய பற்றுச்சீட்டுப் படிவம் அமைத்தல், பழைய தரவுகளைச் சுத்திகரித்துப் புதிய அமைப்புக்கு மாற்றுதல், யார் யாருக்கு எந்த அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பரிசோதித்தல் ஆகியவை எல்லையுள்ளவை, தாராளமாக ஏற்கலாம். எஸ்ஏபியின் பழைய ஈசிசி அமைப்புக்கான வழக்கமான பராமரிப்பு 2027ஆம் ஆண்டு முடிவோடு நின்றுவிடுவதால், அநேக ஸ்தாபனங்கள் 2015இலே வெளிவந்த எஸ்4 ஹானாவுக்கு மாறவேண்டிய நிர்ப்பந்தத்தில் இருக்கின்றன. அந்த மாற்றத்திலே இத்தகைய துண்டு வேலைகள் நிறைய உண்டு. ஆனால், “எங்கள் கொள்வனவு முறை முழுவதையும் புதிதாக அமைத்துத் தாருங்கள், ஆறு வாரம் தருகிறோம்” என்று ஒருவர் எழுதினால், பணம் எவ்வளவாயினும் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

அடுத்தது, ஒப்புக்கொள்ளுமுன் மூன்று கேள்விகளை எழுத்திலே அனுப்புதல். வேலை முடிந்தது என்பதை எதைக் கொண்டு அறிவீர்கள்? உங்கள் தரப்பிலே இந்த விஷயத்தை நன்கறிந்தவர் யார்? அவர் தினமும் ஒரு மணி நேரம் எனக்குக் கிடைப்பாரா? இரண்டாவது கேள்விக்கு ஒரு மனிதரின் பெயர் பதிலாக வராமல், “எங்கள் ஐடி பகுதி” என்று பொதுவாக வருமானால், அந்த வேலை நிச்சயமாக இழுபடும். மென்பொருளை நீங்கள் அறிவீர்கள்; வியாபாரத்தை அவர்கள் அறிவார்கள்; இரண்டையும் இணைக்கும் ஒருவர் மறுமுனையிலே இல்லாதபோது, நிபுணரின் ஞானம் எத்தகையதாயினும் பிரயோசனப்படாது. குறுங்கால ஆலோசனை தோற்றுப்போவதற்குத் தூரத்தைக் காரணமாகச் சொல்லுகிறவர்கள் பலர்; இந்த மனிதர் இல்லாமையே பிரதான காரணம் என்று நான் கருதுகிறேன்.

மூன்றாவது, உட்செல்லும் வழி. இரண்டு வார வேலையிலே ஒரு வாரம் யூசர் ஐடிக்கும் விபிஎன்னுக்கும் காத்திருந்தே கழிந்துவிடக்கூடுமாகையால், அவை கையிலே கிடைத்த தினத்திலிருந்தே காலக்கெடு ஆரம்பமாகும் என்று ஒப்பந்தத்திலே எழுதிக்கொள்ளுங்கள். எஸ்ஏபி கொம்பனியே தன் வாடிக்கையாளரின் சிக்கல்களைத் தூரத்திலிருந்துதான் பார்க்கிறது. வாடிக்கையாளர் எஸ்ஏபி ராவுட்டர் வழியாகக் குறித்த காலத்துக்கு மட்டும் இணைப்பைத் திறந்துவிடுகிறார். அந்த ஒழுங்கையே நீங்களும் பின்பற்றுங்கள். உங்கள் பெயரிலேயே தனி ஐடி கேளுங்கள். பிறருடைய கடவுச்சொல்லை ஒருபோதும் வாங்காதீர்கள். திருத்தத்தை முதலிலே டெவலப்மென்ட் அமைப்பிலே செய்து, டெஸ்ட் அமைப்பிலே அவர்களைக்கொண்டே சோதிப்பித்து, நடைமுறை அமைப்புக்குக் கொண்டுசெல்லும் டிரான்ஸ்போர்ட்டை அவர்களுடைய ஆளே விடும்படி செய்யுங்கள். அதிகாரக் குறைவினால் ஏதேனும் தடைப்பட்டால், “வேலை செய்யவில்லை” என்று புகார் எழுதுவதைவிட, எந்த அதிகாரம் இல்லை என்று காட்டும் எஸ்ஏபியின் எஸ்யூ53 திரையின் படத்தை அனுப்புவது ஒரு நாளை மிச்சப்படுத்தும்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கோடைகாலத்திலே லண்டனில் காலை 9 மணி அடிக்கும்போது நமக்குப் பிற்பகல் 1.30, டொரன்டோவில் அடிக்கும்போது மாலை 6.30. ஐரோப்பா தாழ்வுபாட்டு வாழ்க்கைக்கு ஒத்துவரும். கனடா இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். இணைப்பு ஒன்று போதாது: கைத்தொலைபேசிக் கொம்பனிகள் இரண்டின் சிம்களாவது கையிலே இருக்கட்டும்; 2025 ஜூலையிலே இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்க் செலவு மிகுந்ததாகையால், வேலை நிலைத்தபின் யோசிக்கலாம். மின்வெட்டைத் தாங்கும் பற்றரி ஒன்று அவசியம்.

பணத்தை மூன்றிலொரு பங்கேனும் முன்கூட்டியே, உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வெளிநாட்டு நாணயமாகவே பெறுங்கள். வெளிநாட்டுக்கு வழங்கும் சேவையின் வருமானத்துக்கு முன்பிருந்த விலக்கு நீங்கி, 2025 ஏப்ரல் முதல், வங்கி வழியே நாட்டுக்குள் வரும் அத்தகைய வருமானத்துக்கு உச்சமாக 15 சதவீத வரி உண்டு. வருஷத்துக்கு 18 லட்சம் ரூபாவரை தனிநபர் நிவாரணமும் உண்டு. ஆகவே விலை சொல்லும்போதே வரியையும் கணக்கிலே எடுங்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலே வரி இலக்கத்தைப் பதிந்துகொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும், எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள், பழைய நிலைக்குத் திருப்புவது எப்படி என்பவற்றை எளிய பாஷையிலே எழுதிக் கொடுத்து, உங்கள் ஐடியை மூடச் சொல்லி, மூடியதற்கு உறுதியும் பெறுங்கள். முதல் வேலையை முன்பின் அறியாத இடத்திலே தேடாமல், நீங்கள் உத்தியோகம் பார்த்த காலத்திலே உங்கள் கைவேலையை அறிந்தவர்களிடமே கேளுங்கள். அது ஓர் அறிக்கையைத் திருத்தும் சிறு வேலையாக இருக்கட்டும், புதிய அமைப்பு நடைமுறைக்கு வரும் கோ-லைவ் வாரத்தின் பொறுப்பாக மட்டும் இருக்கவேண்டாம்.